புடண்டல் நரம்பு அறுவைக்குப் பிறகு: ஆறுவதற்கு ஏன் ஓராண்டு ஆகிறது, அந்த ஓராண்டில் என்ன செய்ய வேண்டும்

உட்கார்ந்தால் வலிக்கும், எழுந்து நின்றால் குறையும், படுத்துத் தூங்கினால் தெரியவே தெரியாது. பிறப்புறுப்பிலோ, ஆசனவாயிலோ, இரண்டுக்கும் இடைப்பட்ட இடத்திலோ எரிச்சலும் குத்தலும் இருக்கும். சிலருக்கு உள்ளே ஏதோ பொருள் சிக்கிக்கொண்டது போன்ற உணர்வும் இருக்கும். இந்த வலியோடு சிறுநீரக மருத்துவர், மகப்பேறு மருத்துவர், மூல நோய் மருத்துவர் என்று ஆண்டுக்கணக்கில் அலைந்து, கடைசியில் புடண்டல் நரம்பு நசுங்கியிருக்கிறது என்று ஒருவர் கண்டுபிடித்து, நரம்பை விடுவிக்கும் அறுவையும் முடிந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரத்தில் வலி முன்பைவிடக் கூடுகிறது. பெரும்பாலானவர்கள் மனம் உடைவது அந்த வாரத்தில்தான். அறுவை தோற்றுவிட்டது என்று முடிவுகட்டி மாத்திரையை நிறுத்துகிறார்கள், அல்லது பயந்துபோய் முழுக்கப் படுத்தே கிடக்கிறார்கள். இரண்டும் கெடுதல். மூன்றாம் வாரத்து வலியை வைத்து இந்த அறுவையைப் பற்றி எந்த முடிவுக்கும் வர முடியாது. நரம்பு எப்படி ஆறுகிறது என்பது தெரிந்தால் காரணம் விளங்கும்.

நரம்பு எங்கே சிக்குகிறது

சேக்ரம் எனப்படும் திருவெலும்பின் 2, 3, 4ஆம் நரம்பு வேர்கள் சேர்ந்து புடண்டல் நரம்பு உருவாகிறது. இடுப்புக்கூட்டிலிருந்து பின்பக்கமாக வெளியேறி, பிட்டத்தின் ஆழத்தில் இஸ்கியல் முள் என்ற சிறிய எலும்பு முனையைச் சுற்றித் திரும்பி, மறுபடியும் உள்ளே நுழைகிறது. அந்தத் திருப்பத்தில் அதற்கு முன்னும் பின்னும் இரண்டு வலுவான தசைநார்கள் இருக்கின்றன. முன்னால் இருப்பது சேக்ரோஸ்பைனஸ், பின்னால் இருப்பது சேக்ரோட்யூபரஸ். நரம்பு அதிகமாகச் சிக்குவது இவ்விரண்டுக்கும் இடையில்தான். அதைத் தாண்டியதும் ஆப்டுரேட்டர் இன்டர்னஸ் தசையின் உறைக்குள் ஒரு குறுகலான வழியில் ஓடுகிறது. அயர்லாந்து உடற்கூறியல் அறிஞர் பெஞ்சமின் ஆல்காக் 1830களில் விவரித்ததால் அதற்கு ஆல்காக் கால்வாய் என்று பெயர். நரம்பு நெருக்கப்படும் இரண்டாவது இடம் இது. பிறகு மூன்று கிளைகளாகப் பிரிந்து ஆசனவாய்ப் பகுதிக்கும், ஆசனவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் இடைப்பட்ட பெரினியத்துக்கும், ஆண்குறி அல்லது கிளிட்டோரிசுக்கும் உணர்வைக் கொடுக்கிறது. மலத்தையும் சிறுநீரையும் அடக்கிவைக்கும் தசைகளை இயக்குவதும் இதே நரம்புதான். அதனால்தான் இங்கே வலி வந்தால் கழிப்பறை, நாற்காலி, தாம்பத்தியம் மூன்றும் ஒன்றாகப் பாதிக்கப்படுகின்றன.

நோயைக் கண்டறியப் பயன்படும் அளவுகோல்களை வகுத்தது பிரான்சின் நாந்த் நகரக் குழு. 2008இல் வெளியான அந்தப் பட்டியலில் ஐந்து அம்சங்கள் கட்டாயம்: வலி இந்த நரம்பின் எல்லைக்குள் இருக்க வேண்டும், உட்காரும்போது கூட வேண்டும், இரவில் தூக்கத்தைக் கலைக்கக் கூடாது, பரிசோதனையில் தொடு உணர்வு இழப்பு தெரியக் கூடாது, நரம்பருகே மரப்பு ஊசி போட்டால் வலி குறைய வேண்டும். வழக்கமான நாற்காலியில் வலிப்பவருக்குக் கழிப்பறை இருக்கையில் உட்கார்ந்தால் வலி குறைவதும் நல்ல அடையாளம். அங்கே எடையைத் தொடையும் பிட்டமும் தாங்குகின்றன, நடுப்பகுதி அழுத்தம் இல்லாமல் இருக்கிறது. பின்னால் இருக்கை மெத்தை தேர்ந்தெடுக்கும்போது இந்தச் செய்தி உதவும்.

என்ன அறுத்தார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்த அறுவையை ஒரே மாதிரி எல்லோரும் செய்வதில்லை. நாந்தில் ரோஜர் ரொபேர் நிலைநிறுத்திய முறையில் நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்துப் பிட்டத்தில் சாய்வாகக் கீறுகிறார்கள். பெரிய பிட்டத் தசையை அதன் நார் போகும் போக்கிலேயே விலக்கி, சேக்ரோட்யூபரஸ் தசைநாரைத் திறந்து, சேக்ரோஸ்பைனஸ் தசைநாரை அறுத்து, நரம்பை விடுவித்து, இஸ்கியல் முள்ளின் முன்பக்கத்துக்கு மாற்றிவைக்கிறார்கள். பாதை குறுகுவதால் நரம்பின் இழுவிசை குறைகிறது. ஆல்காக் கால்வாயின் உறையையும் திறந்துவிடுகிறார்கள். லேப்ராஸ்கோப்பி முறையில் வயிற்றில் சிறு துளைகளிட்டு உள்பக்கமிருந்து நரம்பை அடைகிறார்கள். அப்போது பிட்டத் தசையும் சேக்ரோட்யூபரஸும் தொடப்படுவதில்லை. பெரினியம் வழியாகவும், பெண்களுக்கு யோனிச் சுவர் வழியாகவும் செய்பவர்கள் உண்டு.

எதற்கு இந்த விவரம் என்றால், அறுவைக்குப் பிந்தைய கட்டுப்பாடுகள் பெரும்பாலும் அறுபட்ட தசையையும் தசைநாரையும் பொறுத்தவை. டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் ‘நரம்பு விடுவிக்கப்பட்டது’ என்று ஒரே வரி இருந்தால் போதாது. எந்த வழியாகப் போனார்கள், ஒரு பக்கமா இரு பக்கமுமா, எந்தத் தசைநார் அறுபட்டது, சேக்ரோட்யூபரஸை மறுபடி தைத்தார்களா, நரம்பு பார்வைக்கு எப்படி இருந்தது என்பதைக் கேட்டு எழுதி வாங்குங்கள். வழக்கமான வெண்மையோடு பருமனாக இருந்த நரம்பும், தட்டையாகி நிறம் மங்கிப் போயிருந்த நரம்பும் ஒரே வேகத்தில் மீளாது. அடுத்த மாதங்களில் உங்களைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட் முதலில் கேட்க வேண்டிய தாளும் இதுதான்.

ஏன் இவ்வளவு நாள்

தோல் இரண்டு வாரத்தில் கூடிவிடுகிறது, தசை ஆறேழு வாரத்தில் தேறுகிறது. நரம்பின் கணக்கு வேறு. நசுங்கிய நரம்பில் இருவகைச் சேதம் இருக்கலாம். நரம்பிழையைச் சுற்றியுள்ள மயலின் உறை மட்டும் கெட்டிருந்தால் அழுத்தம் நீங்கிய சில வாரங்களிலிருந்து மூன்று மாதத்துக்குள் அது புதுப்பிக்கப்படும். உள்ளிழையே சிதைந்திருந்தால் அது மறுபடி வளர வேண்டும். வளரும் வேகம் நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர், அதாவது மாதத்துக்கு 3 சென்டிமீட்டர். நசுங்கிய இடத்திலிருந்து கிளைகளின் நுனிவரை பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும், எந்தத் தடையும் இல்லாமலே மூன்று முதல் ஐந்து மாதம் ஆகிவிடுகிறது. ஒரே நரம்புக்குள் இருவகை இழைகளும் கலந்திருக்கும். ஆகவே சில இடங்களில் சீக்கிரமாகவும் சில இடங்களில் தாமதமாகவும் முன்னேற்றம் வருவது இயல்பு.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதைக் கத்தி தொடுவதே இல்லை. ஆண்டுக்கணக்கில் வலிச் செய்தியைப் பெற்றுவந்த தண்டுவடமும் மூளையும் மிகைக் கூருணர்வு அடைந்திருக்கும். சாதாரணத் தொடுகையும், சிறுநீர்ப்பை கொஞ்சம் நிரம்புவதும்கூட வலியாகப் பதிவாகும். கூடவே இடுப்புத் தளத் தசைகள் வலிக்கு எதிராக இறுகியே பழகியிருக்கும். நரம்பு விடுபட்ட மறுநாளே இவை தளர்ந்துவிடாது. மருந்தும் பிசியோதெரபியும் அறுவைக்குப் பிறகும் தொடர வேண்டியிருப்பது இதனால்தான். அறுவை முடிந்ததும் மாத்திரை வேண்டாம் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்.

முதல் ஆறு வாரம்

மருத்துவமனையில் இருக்கும் ஓரிரு நாளில் கவனிக்க வேண்டிய முதல் விஷயம் சிறுநீர். சிறுநீர் வெளியேற வைத்த குழாயை (கதீட்டர்) எடுத்த பிறகு ஆறு மணி நேரத்துக்குள் சிறுநீர் கழிக்க முடிகிறதா, கழித்த பின் பை காலியாகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மயக்க மருந்து, வலி மருந்து, நரம்பு வலிக்குத் தரும் அமிட்ரிப்டிலின் மூன்றும் சிறுநீர் இறங்குவதைத் தடுக்கக்கூடியவை. பிறப்புறுப்பிலோ பிட்டத்திலோ மரத்துப்போன உணர்வு சில நாள் இருக்கலாம். அறுவையின்போது போட்ட மரப்பு மருந்தாலும் நரம்பைக் கையாண்டதாலும் அது வருகிறது.

படுப்பது பக்கவாட்டிலோ குப்புறவோ. பக்கவாட்டில் படுத்தால் அறுவை செய்த பக்கம் மேலே இருக்கட்டும், முழங்கால்களுக்கு நடுவே தடித்த தலையணை வையுங்கள். தலையணை இல்லாவிட்டால் மேல் கால் முன்னால் சரிந்து, பிட்டத் தையலையும் உள்ளே இருக்கும் நரம்பையும் இழுக்கும். எழும்போது நேராக எழுந்து உட்காராதீர்கள். பக்கவாட்டில் உருண்டு, இரு கால்களையும் கட்டிலுக்கு வெளியே விட்டு, கைகளால் தள்ளி எழுந்து உடனே நின்றுவிட வேண்டும். குப்புறப் படுத்திருந்தால் பின்னோக்கி நகர்ந்து பாதங்களைத் தரையில் ஊன்றி எழுவது இன்னும் எளிது. இதற்கு உயரமான கட்டில் வேண்டும், தரைப் பாய் ஒத்துவராது. சாப்பாடு சமையல் மேடையருகே நின்றுகொண்டோ, பக்கவாட்டில் சாய்ந்தோ.

காயத்தின் மேல் ஐஸ் வைத்தால் வீக்கமும் வலியும் குறையும். துணியில் சுற்றி 10 முதல் 15 நிமிடம் போதும். தோல் மரத்திருக்கும் இடத்தில் ஐஸ், வெந்நீர்ப் பை இரண்டுமே ஆபத்து: சுடுகிறது, உறைகிறது என்று உடல் எச்சரிக்காது.

இந்த ஆறு வாரத்தில் எதையாவது ஒன்றை மட்டும் ஒழுங்காகச் செய்ய முடியும் என்றால் மலச்சிக்கலைத் தடுப்பதைச் செய்யுங்கள். முக்கும்போது இடுப்புத் தளம் கீழே இறங்குகிறது, அதோடு புடண்டல் நரம்பும் நீள்கிறது. பல ஆண்டு முக்கியதாலேயே இந்த நரம்பு பழுதடைந்தவர்கள் உண்டு. இப்போதுதான் விடுவிக்கப்பட்டு வீங்கியிருக்கும் நரம்பை மறுபடி இழுப்பது, செய்த வேலையைக் கெடுப்பது. டிராமடால் போன்ற வலி மருந்துகள் குடலை மந்தமாக்கும் என்பதால், மலம் கட்டிய பிறகு மருந்து தேடக் கூடாது. மருத்துவர் அனுமதித்த முதல் நாளிலிருந்தே மலமிளக்கி தொடங்க வேண்டும். பாலிஎத்திலீன் கிளைக்கால் பொடி 17 கிராம் ஒரு டம்ளர் தண்ணீரில் தினம் ஒரு வேளை, அல்லது லாக்டுலோஸ் 15 முதல் 30 மில்லி இரவில் என்பது வழக்கமான அளவு. மலம் இளகி, ஆனால் உருவோடு வருமாறு அளவைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். இசப்கோல் நல்லதுதான், ஆனால் தண்ணீர் குறைவாகக் குடித்தால் அதுவே அடைத்துக்கொள்ளும். அதனால் வலுவான வலி மருந்துகள் நின்ற பிறகு தொடங்குவது பாதுகாப்பு. மூன்று நாள் மலம் போகவில்லை என்றால் நான்காம் நாளுக்குக் காத்திருக்காமல் மருத்துவரை அழையுங்கள்.

உட்காரும் முறையும் முக்கியம். குந்தி உட்காரும் கழிப்பறையில் இடுப்பு முழுவதும் மடங்குவதால் பிட்டத் தசையும் தையலும் இழுபடும். பிட்டம் வழி அறுவை செய்தவர்கள் குறைந்தது ஆறு முதல் எட்டு வாரம் அதைத் தவிர்க்க வேண்டும். வீட்டில் வேறு வகை இல்லையென்றால் சர்ஜிக்கல் கடைகளில் கிடைக்கும் கமோடு நாற்காலியை அதன் மேலேயே நிறுத்திக்கொள்ளலாம். அறுவைக்கு முன்பே வாங்கி வைத்துவிடுவது நல்லது, வந்த பிறகு தேடுவது சிரமம். பாதத்துக்கடியில் தாழ்வான பலகை, சற்று முன்சாய்வு, வாயைத் திறந்து மூச்சை மெதுவாக வெளியே விட்டபடி காத்திருத்தல். ஐந்து நிமிடத்தில் வரவில்லை என்றால் எழுந்து விடுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நடை முதல் நாளிலிருந்தே வேண்டும். ரத்தக் கட்டி உருவாகாமல் தடுப்பதும், நரம்பு சுற்றியுள்ள திசுவோடு ஒட்டிப் போகாமல் மெல்ல அசைந்துகொண்டிருப்பதும் நடையால்தான். சமதரையில் 5 முதல் 10 நிமிடம், தினம் மூன்று நான்கு முறை என்று தொடங்கி, வாரா வாரம் சில நிமிடம் கூட்டி, ஆறாம் வாரத்தில் ஒரே மூச்சில் 20, 30 நிமிடம் நடக்க முடிந்தால் நல்ல நிலை. மாடிப்படியில் ஒவ்வொரு படியாக, நல்ல காலை முதலில் வைத்து ஏறுங்கள். தூக்கும் எடை 4, 5 கிலோவைத் தாண்டக் கூடாது. நிறை குடம், பத்து லிட்டர் வாளி, தவழும் குழந்தை எல்லாமே இந்த எல்லைக்கு மேல்.

மருந்துகளை எப்படிப் பிடிப்பது, எப்படி விடுவது

காய வலிக்குப் பாராசிட்டமால் அடிப்படை: பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்ச அளவு 4 கிராம், ஒல்லியானவர்களும் முதியவர்களும் அதற்குக் கீழேயே நிறுத்த வேண்டும், கல்லீரல் நோய் உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது. நரம்பு வலிக்கு கபாபென்டின், பிரீகபலின், அமிட்ரிப்டிலின், டுலாக்ஸெட்டின் ஆகியவற்றில் ஒன்றோ இரண்டோ ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். அறுவைக்குப் பிறகும் சில மாதம் அதே அளவில் தொடர்ந்துவிட்டு, வலி பல வாரம் நிலையாகக் குறைந்த பிறகே படிப்படியாக இறக்குவார்கள். சட்டென்று நிறுத்தினால் தூக்கமின்மை, பதற்றம், வியர்வை, வலித் துள்ளல் வரும். கபாபென்டின் வகையைத் திடீரென விட்டால் வலிப்பு வரும் அபாயமும் உண்டு. இறக்குவதற்குக் குறைந்தது ஒரு வாரம், நீண்ட நாள் எடுத்தவர்களுக்குப் பல வாரங்கள்.

இரண்டு சேர்க்கைகளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கபாபென்டின் அல்லது பிரீகபலினோடு டிராமடால் போன்ற ஓபியாய்டு வலி மருந்து சேர்ந்தால் மூச்சு மந்தமாகலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019இல் இதற்குத் தனி எச்சரிக்கையே வெளியிட்டது. முதியவர்களும் நுரையீரல் நோய் உள்ளவர்களும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். டுலாக்ஸெட்டினோடு டிராமடால் சேர்ந்தால் செரட்டோனின் மிகுந்து நடுக்கம், காய்ச்சல், குழப்பம் வரலாம். காய வலிக்காக வேறொரு மருத்துவர் டிராமடால் எழுதும்போது, ஏற்கெனவே எடுக்கும் மாத்திரைச் சீட்டைக் காட்டாமல் விடுவதால்தான் இது நேர்கிறது. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்குக் கபாபென்டின், பிரீகபலின் அளவைக் குறைக்க வேண்டும்.

வலி கூடும் அந்த வாரங்கள்

அறுவை முடிந்த முதல் சில நாள் பலருக்கு நிம்மதியாக இருக்கும். மரப்பு மருந்தின் மிச்சம், சிலருக்கு நரம்பருகே போட்ட ஸ்டீராய்டு, முழு ஓய்வு எல்லாம் சேர்ந்த விளைவு அது. இரண்டாம் வாரத்திலிருந்து இவை தேய்கின்றன. உள்ளே வீக்கமும் ஆறும் திசுவும் நரம்பைச் சூழ்கின்றன, மீளத் தொடங்கிய இழைகள் தாறுமாறாகச் செய்தி அனுப்புகின்றன. கரன்ட் அடித்தது போல ஒரு நொடி, எறும்பு ஊர்வது போன்ற அரிப்பு, திடீர் எரிச்சல், முன்பு வலிக்காத இடத்தில் குத்தல் என்று வரும். ஒரு பக்கம் மட்டும் அறுவை செய்தவர்களுக்கு மறுபக்கம் வலிக்கலாம், எடையை அந்தப் பக்கம் சாய்த்தே நிற்பதால். ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் இந்தக் கொந்தளிப்பு படிப்படியாக அடங்க வேண்டும். வலி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வதைவிட, அந்தத் துள்ளல்கள் வந்தால் எவ்வளவு நேரத்தில் அடங்குகின்றன என்று கவனிப்பது பயனுள்ள கேள்வி. முதலில் மூன்று நாள் நீடித்தது பிறகு ஒரு நாளாகி, பிறகு சில மணி நேரமானால் நரம்பு சரியான திசையில் போகிறது.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத அறிகுறிகள் சில உள்ளன. காயம் சிவந்து சூடாகிச் சீழ் வடிவது, 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், ஒரு கெண்டைக்காலில் மட்டும் வீக்கமும் வலியும், மூச்சுத் திணறல், சிறுநீர் அறவே வராமல் போவது, புதிதாகச் சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிக் கசிவது, இரு பக்கமும் மரத்துப்போவது, பாதத்தைத் தூக்க முடியாமல் போவது. காலுக்குப் போகும் சயாட்டிக் நரம்பு இதே அறுவைப் பாதையின் பக்கத்தில் ஓடுகிறது என்பதால் கடைசியாகச் சொன்னதை அலட்சியப்படுத்தக் கூடாது. இவற்றுக்கு அன்றைக்கே மருத்துவமனை.

உட்காரக் கற்றுக்கொள்வது

எப்போது உட்காரத் தொடங்குவது என்பதில் மருத்துவர்களிடையே வேறுபாடு உண்டு. லேப்ராஸ்கோப்பி செய்தவர்களைச் சிலர் முதல் வாரமே வலி தாங்கும் அளவுக்கு உட்காரச் சொல்கிறார்கள். பிட்டம் வழி செய்தவர்களுக்கு நான்கு முதல் ஆறு வாரம் உட்காருவதைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்வது பொதுவான வழக்கம். உங்கள் மருத்துவர் சொன்ன தேதிதான் தேதி. ஆனால் அந்தத் தேதி வந்ததும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு.

முதலில் இருக்கையைச் சரிசெய்யுங்கள். மூல நோய்க்கு விற்கும் வட்ட வளைய மெத்தை வேண்டாம். வளையத்தின் முன்பகுதி பெரினியத்தையே அழுத்துகிறது, நடுப்பகுதி கீழே தொங்கி ரத்தம் தேங்குகிறது. முன்னும் பின்னும் திறந்த, நடுவில் பள்ளம் விட்ட மெத்தைதான் வேண்டும். கெட்டியான நுரைப் பலகை இரண்டை, நடுவே ஏழெட்டு சென்டிமீட்டர் இடைவெளி விட்டு நாற்காலியின் மேல் வைத்துக்கொண்டாலும் அதே பலன். இரண்டு உட்காரும் எலும்புகளும் தாங்க வேண்டும், நடுப்பகுதியை எதுவும் தொடக் கூடாது. மெத்தென்ற சோபா சுகமாகத் தோன்றினாலும் எலும்புகள் புதைந்து நடுப்பகுதி அழுந்திவிடும். கெட்டியான நாற்காலியில் மேற்சொன்ன மெத்தைதான் மேல். சம்மணம் போடுவதைக் கடைசிக்கு ஒத்திவையுங்கள்.

பிறகு கடிகாரம். ஒரு நாளைக்கு மூன்று முறை, தடவைக்கு 5 நிமிடம். வலி வரும்வரை உட்காராமல், 5 நிமிடம் ஆனதும் வலி இல்லாவிட்டாலும் எழுந்துவிட வேண்டும். மறுநாள் காலை வலி பழைய மட்டத்திலேயே இருந்தால் அளவு சரி. மூன்று நான்கு நாள் அப்படியே இருந்தால் தடவைக்கு 2 முதல் 5 நிமிடம் கூட்டலாம். 24 மணி நேரத்துக்குமேல் நீடிக்கும் துள்ளல் வந்தால் பாதியாகக் குறைத்து, ஒரு வாரம் அங்கேயே நில்லுங்கள். நல்ல நாளில் ஆசைப்பட்டு இரட்டிப்பாக உட்கார்ந்து, அடுத்த நான்கு நாள் படுக்கையில் கழிப்பவர்கள் மாதக்கணக்கில் இடத்தைவிட்டு நகராமலே இருப்பார்கள். வாரக் கடைசியில் ஒரு தாளில் இரண்டு எண்கள் எழுதுங்கள்: தொடர்ந்து உட்கார முடிந்த அதிகபட்ச நிமிடம், அந்த வாரத்து வலியின் சராசரி. முதல் எண்தான் மெய்யான அளவுகோல். வலி மதிப்பெண் அன்றைய தூக்கத்தையும் மனநிலையையும் பொறுத்து ஆடும்.

வேலைக்குத் திரும்புவது இந்த எண்ணைப் பொறுத்தது. நின்று செய்யும் வேலைக்குச் சிலர் ஆறு வாரத்தில் போகிறார்கள். உட்கார்ந்தே செய்யும் வேலை என்றால் மூன்று மாதத்துக்கு முன் முழு நாளாகத் திட்டமிட வேண்டாம். உயரத்தை மாற்றக்கூடிய மேசையோ, மேசை மேல் வைக்கும் பெட்டியோ அலுவலகத்தில் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். காரில் போக வேண்டியிருந்தால் பின் இருக்கையில் பக்கவாட்டில் படுத்து, அரை மணிக்கொரு முறை நிறுத்தி நடங்கள். பைக், ஸ்கூட்டர் இரண்டும் குறுகிய இருக்கையும் அதிர்வும் கொண்டவை. மூன்று முதல் ஆறு மாதம் தொட வேண்டாம், மேடுபள்ளச் சாலையில் பின்னால் உட்கார்ந்து போவது ஓட்டுவதைவிட மோசம். சைக்கிள் இந்த நோயின் பழைய கூட்டாளி. நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டியவருக்கு ஆல்காக் கால்வாயில் நரம்பு நசுங்கியதைப் பிரெஞ்சு மருத்துவர்கள் 1987இலேயே விவரித்திருக்கிறார்கள். அதற்குத் திரும்பாமல் நீச்சலையோ நடையையோ வைத்துக்கொள்வதே எங்கள் பரிந்துரை. நீச்சலிலும் தவளை உதை வேண்டாம்.

தசையைத் தளர்த்துங்கள், இறுக்காதீர்கள்

இடுப்புப் பயிற்சி என்றதும் இடுப்புத் தளத் தசையைச் சுருக்கி விடும் கீகல்தான் நினைவுக்கு வரும், பலர் தாங்களாகவே தொடங்கியும் விடுகிறார்கள். இந்த நோயாளிகளின் இடுப்புத் தளம் ஏற்கெனவே இறுகிக் கிடக்கிறது. அதை மேலும் சுருக்கும் பயிற்சி வலியைக் கூட்டும். வேண்டியது எதிர்ப்பயிற்சி. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, மூக்கு வழியாக 4 விநாடி மூச்சிழுங்கள். வயிறு உயர்வதோடு இடுப்புத் தளமும் கீழ்நோக்கித் தளர்வதை உணர வேண்டும். 6 விநாடி மெதுவாக வெளியே விடுங்கள். முக்கக் கூடாது, தள்ளக் கூடாது. காலையும் மாலையும் 5 முதல் 10 நிமிடம், முதல் வாரத்திலிருந்தே செய்யலாம்.

முழங்காலை மார்போடு அணைப்பது, காலை மறுகால் மேல் போட்டு இழுப்பது, குனிந்து பாதம் தொடுவது ஆகியவை நல்ல நீட்டல்கள்தான், ஆனால் முதல் ஆறு வாரத்துக்கு உரியவை அல்ல. ஆறு முதல் எட்டு வாரத்துக்குப் பிறகு, தழும்பு முழுவதும் ஆறியதும், தழும்பைச் சுற்றி விரலால் தினம் 5 நிமிடம் மெல்லத் தேய்க்கலாம். அதே சமயம் இடுப்புத் தளச் சிகிச்சையில் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட், யோனி அல்லது ஆசனவாய் வழியாக ஆப்டுரேட்டர் இன்டர்னஸ், லெவேட்டர் ஏனை தசைகளின் முடிச்சுகளைத் தளர்த்தத் தொடங்கலாம். இப்படிப் பயிற்சி பெற்றவர்கள் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. அறுவைக்கு நாள் குறிக்கும் முன்பே ஒருவரைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள். நரம்பின் மேலேயே கடுமையாக அழுத்துபவரிடம் போகாதீர்கள்; சிகிச்சைக்குப் பின் இரண்டு நாளுக்கு மேல் வலி நீடித்தால் அழுத்தம் அதிகம் என்று சொல்லுங்கள்.

சேக்ரோட்யூபரஸ் அறுபட்டவர்களில் சிலருக்கு மூன்று நான்கு மாதத்தில் வேறொரு வலி தலைகாட்டும். திரும்பிப் படுக்கும்போதும், ஒற்றைக் காலில் நிற்கும்போதும், கீழ் முதுகின் ஒரு பக்கத்தில் வலிக்கும். திருவெலும்பு மூட்டின் ஒரு பிடிமானம் தளர்ந்திருப்பதால் வருவது அது, பழைய நரம்பு வலி திரும்பியது என்று பயப்பட வேண்டாம். இடுப்புப் பட்டையும், பிறகு பிட்டத் தசையை வலுவாக்கும் பயிற்சியும் பெரும்பாலும் போதும்.

தாம்பத்தியத்துக்கு ஆறு முதல் எட்டு வாரம் காத்திருக்கச் சொல்வார்கள். அதற்குப் பிறகும் உச்சத்தின்போது இடுப்புத் தளம் தொடர்ந்து சுருங்குவதால் மறுநாள் வலி கூடலாம். உணர்வு குறைவாகவோ வேறு மாதிரியாகவோ இருக்கலாம், அது நரம்பு மீளும் காலத்தின் பகுதி. மருத்துவரிடம் இதைக் கேட்க வெட்கப்பட்டு, மனதுக்குள்ளேயே பயத்தைச் சுமப்பவர்கள் நிறைய. துணையோடு சேர்ந்தே ஆலோசனைக்குப் போங்கள். வீட்டாருக்கும் ஒன்று சொல்லியாக வேண்டும்: நின்று நடமாடுபவரைப் பார்த்து ‘நன்றாகத்தானே இருக்கிறாய்’ என்று கேட்பது எளிது. உட்கார முடியாத ஒருவரால் கல்யாணப் பந்தியிலோ பேருந்திலோ எப்படி இருக்க முடியும் என்று யோசித்தால் போதும்.

எப்போது கணக்குப் பார்ப்பது

நாந்த் குழு 2005இல் வெளியிட்ட ஆய்வில் 32 நோயாளிகளைச் சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு அறுவை செய்து, மறுபாதிக்கு அறுவையின்றிச் சிகிச்சை அளித்தார்கள். மூன்று மாதத்தில் அறுவைக் குழுவில் 50 சதவீதம் பேருக்கும், மற்றக் குழுவில் 6.2 சதவீதம் பேருக்கும் முன்னேற்றம். பன்னிரண்டு மாதத்தில் அது 71.4 சதவீதமாகவும் 13.3 சதவீதமாகவும் இருந்தது. சிறிய ஆய்வுதான், முன்னேற்றம் என்றால் முழுக் குணம் என்று பொருளும் அல்ல. ஆனால் மூன்றாம் மாதத்தில் தேறாதவர்களில் ஒரு பகுதியினர் பன்னிரண்டாம் மாதத்துக்குள் தேறியிருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். அதனால்தான் 3, 6, 12ஆம் மாதங்களில் பரிசோதனைக்குப் போனாலும் தீர்ப்பு பன்னிரண்டாம் மாதத்தில்தான். நரம்பு கடுமையாக நசுங்கியிருந்தவர்களுக்கு ஒன்றரை ஆண்டு, இரண்டாண்டு வரையிலும் மெல்ல மாற்றம் வருவதுண்டு.

ஓராண்டு முடிந்தும் உட்காரும் நிமிடம் அறுவைக்கு முந்தைய எண்ணிலேயே நின்றால், காரணத்தைத் தேட வேண்டும். முதல் சந்தேகம் நோய் நிர்ணயத்தின் மேல் இருக்கட்டும். பக்கத்திலேயே ஓடும் கீழ்ப் பிட்டத் தோல் நரம்பு சிக்கியிருந்தாலும் இதே போன்ற உட்காரும் வலி வரும், அதை இந்த அறுவை தொடுவதில்லை. இரண்டாவது, முள்ளருகே விடுவித்து ஆல்காக் கால்வாயைத் திறக்காமல் விட்டிருக்கலாம். அறுவைக் குறிப்பு கையில் இருந்தால் இது உடனே தெரியும். மூன்றாவது, சில மாதம் தேறி வந்து பிறகு படிப்படியாகப் பழைய வலி திரும்பினால் தழும்புத் திசு நரம்பை மறுபடி பிடித்திருக்கலாம். நான்காவது, நரம்பு விடுபட்டும் தசை இறுக்கமோ மையக் கூருணர்வோ வலியைத் தாங்கிப் பிடித்திருக்கலாம்.

இவற்றைப் பிரித்தறிய மறுபடி மரப்பு ஊசி போட்டுப் பார்ப்பார்கள். வலி சில மணி நேரம் முழுதாக நீங்கினால் நரம்பு இன்னும் வலியின் மூலம் என்று பொருள். அப்போது துடிப்பு ரேடியோ அலைச் சிகிச்சை, தண்டுவட நுனியிலோ சேக்ரல் வேர்களிலோ மின்தூண்டி பொருத்துவது, அரிதாக மறு அறுவை ஆகியவற்றைப் பேசலாம். ஊசிக்கு அசையவே இல்லை என்றால் நரம்பின் மேல் இன்னொரு முறை கத்தி வைப்பதில் பயன் குறைவு. இறுகிய தசையைத் தளர்த்தப் பொட்டுலினம் (போடாக்ஸ்) ஊசி, பிசியோதெரபி, மருந்து மாற்றம், வலி நிபுணரும் மனநல ஆலோசகரும் சேர்ந்த சிகிச்சை என்று அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். மறு அறுவையில் தழும்புக்குள் நரம்பைத் தேட வேண்டியிருப்பதால் சேதமாகும் வாய்ப்பு கூடுதல். முதல் அறுவையைவிட இதில் அனுபவம் அதிகம் உள்ளவரிடம், முதல் அறுவைக் குறிப்பையும் ஓராண்டின் வாரக் கணக்குத் தாள்களையும் எடுத்துக்கொண்டு போங்கள்.